படுக்கையிலிருந்து நடைபாதைக்கு

மேட்டில் ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். நின்றுவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். இந்த நோயை மருத்துவ உலகுக்குத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென். 1768இல் அங்குள்ள மருத்துவர் கல்லூரியில் அவர் வாசித்து, 1772இல் அச்சில் வந்த கட்டுரைதான் ‘ஆஞ்ஜைனா பெக்டோரிஸ்’ என்ற பெயரை நோய்க்குத் தந்தது. தன் நோயாளிகளில் ஒருவரைப் பற்றி ஹெபர்டென் ஒரு சிறு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறார். அந்த மனிதர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டார், கிட்டத்தட்ட குணமாகிவிட்டார். எப்படிக் குணமானார் என்பதற்கு அன்றைய மருத்துவத்தில் பதில் இல்லை. அது கிடைக்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. ரத்தக்குழாயின் உட்பக்கத்தில், ஒரே ஒரு செல் தடிமனில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தில் அந்தப் பதில் இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் அந்த மரம் அறுத்தவரை மறந்து, நேர் எதிர்த் திசையில் நடந்தது. இதய நோயாளி அசையக் கூடாது என்பது சட்டம்போல் ஆனது. அந்தச் சட்டம் எப்படி உருவானது, எப்படி உடைந்தது, உடைந்த பிறகும் நம் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் அது ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யோசிப்பது வெறும் வரலாற்று ஆர்வம் அல்ல. மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் அடுத்த இருபது ஆண்டுகளும் இந்தக் கேள்வியோடு பிணைந்திருக்கின்றன.

ஓய்வின் காலம்

1912இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் மனிதர் உடனே இறந்துவிடுவதில்லை, பிழைத்துக்கொள்வதும் உண்டு என்று எடுத்துக்காட்டினார். பிழைத்தவரை என்ன செய்வது? இதயத் தசையின் ஒரு பகுதி செத்திருக்கிறது. அந்த இடம் தழும்பாகி உறுதிப்படும்வரை தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். 1939இல் பாஸ்டனில் பிரேதப் பரிசோதனைகளை வைத்து நடந்த ஆய்வு, தழும்பு உறுதிப்பட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும் என்றது. ஆறு வாரப் படுக்கை என்ற விதிக்கு அது அறிவியல் ஆதாரமாகிவிட்டது. நோயாளி தன் கையால் சாப்பிடக்கூட அனுமதி இல்லை, ஊட்டிவிட்டார்கள். புரண்டு படுக்கவும் ஆள் வேண்டும்.

இதில் கொடுமை எதுவும் இல்லை, நிறைந்திருந்தது பரிவுதான். அடிபட்ட காலை ஊன்றாமல் வைத்திருப்பதுபோல அடிபட்ட இதயத்தையும் ஓய்வாக வைத்திருக்கலாம் என்ற எண்ணம் எந்தத் தாய்க்கும் இயல்பாகத் தோன்றக்கூடியது. ஆனால் படுத்தே கிடந்தவர்களின் கால்களில் ரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரைக் குடித்தது. தசை கரைந்தது. மனம் ஒடிந்தது.

பாஸ்டனில் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லோனும் 1952இல் 81 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த புரட்சி இன்று கேட்டால் மிகச் சிறியது: மாரடைப்பு வந்தவரைப் படுக்கையிலிருந்து எடுத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சக மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அஞ்சிய விபரீதம் நடக்கவில்லை, நோயாளிகள் தேறினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அவருக்கு ஆலோசனை சொன்ன பால் டட்லி ஒயிட், இதய நோயாளிகள் நடக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். ஐசனோவர் வேலைக்குத் திரும்பினார். 1956இல் மறுபடியும் தேர்தலில் நின்று வென்றார். மாரடைப்பு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்துக்கு அது ஒரு நாட்டின் கண்முன்னே விழுந்த அடி.

ஓய்வு என்ன செய்கிறது என்பதை அளந்து சொன்னது 1966இல் டாலஸ் நகரில் நடந்த ஆய்வு. இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உச்ச உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, ஐம்பது வயதில் அவர்களுடைய உடல்திறன், இருபது வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்ததைவிட மோசமாக இல்லை. முப்பது வருட முதுமை செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருந்தது.

இன்னொரு பக்கம், லண்டனின் மாடிப் பேருந்துகளில் வேறொரு சாட்சியம் திரண்டுகொண்டிருந்தது. ஜெரி மாரிஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் லண்டன் போக்குவரத்துத் துறையில் 31,000 ஆண் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள்வரை ஏறி இறங்குகிறார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. பிந்திய வயதில் வந்தது. வந்தபோதும் தீவிரம் குறைந்திருந்தது. தபால் துறையில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களுக்கும் நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களுக்கும் இடையிலும் இதே வேறுபாடு தெரிந்தது.

மாரிஸ் நேர்மையானவர். தன் முடிவைத் தானே சந்தேகித்து, ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார். வேலையில் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததை 1956இல் அவரே வெளியிட்டார். அப்படியானால் படிகள்தான் காத்தனவா, அல்லது உடல்வாகு ஏற்கெனவே வேறாக இருந்ததா? எண்ணிக்கைகளால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. படியேறும்போது ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு செல் தடிமன்

1628இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றிவருகிறது என்று நிறுவினார். 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களைக் கண்டார். ஆனாலும் அடுத்த முந்நூறு ஆண்டுகள் ரத்தக்குழாய் என்பது அறிவியலின் பார்வையில் ஒரு குழாயாகவே இருந்தது. உள்ளே பூசியிருக்கும் படலத்துக்கு 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் ‘எண்டோதீலியம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்ததே தவிர மரியாதை வரவில்லை. பென்சிலின் பணிக்காக நோபல் பரிசு பெற்ற ஹோவர்ட் ஃப்ளோரி 1966இல் இந்தப் படலத்தைப் பற்றி எழுதியபோது, அறிவியல் அதை வெகுகாலம் ஏதோ செல்லோஃபேன் தாள்போலக் கருதிவந்ததைக் குறிப்பிட்டார். ரத்தம் கசியாமல் தடுக்கும் ஒரு உறை, அவ்வளவுதான் என்பதே அந்தக் கருத்து.

அந்தக் கருத்தை மாற்றியது நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ஒரு தவறு. மருந்தியல் பேராசிரியர் ராபர்ட் ஃபர்ச்காட் பல ஆண்டுகளாக முயலின் பெருந்தமனியைச் சிறு பட்டைகளாக நறுக்கி, மருந்துகளுக்கு அது எப்படிச் சுருங்குகிறது என்று அளந்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் செலுத்தினால் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். அவருடைய பட்டைகளோ சுருங்கின. இந்த முரண் விளங்காமலே காலம் போனது. 1978இல் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, தமனி விரிந்தது. ஃபர்ச்காட் அதைத் தள்ளிவிடாமல் துருவினார். பட்டைகளைத் தயாரிக்கும்போது உட்பக்கம் எதிலாவது உரசினால் உட்படலம் உதிர்ந்துவிடுகிறது. அது உதிர்ந்த தமனி விரிய மறுக்கிறது. படலம் உதிர்ந்த பட்டை ஒன்றின் மேல் படலம் உள்ள பட்டையை வைத்து ஒட்டியபோது, உதிர்ந்ததும் விரிந்தது. படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பக்கத்துத் தசைக்குக் கட்டளை கொடுக்கிறது என்று அது நிரூபணமானது. ஜான் சவாட்ஸ்கியோடு சேர்ந்து 1980இல் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

அந்தப் பொருள் எது என்று தேடி ஆறேழு ஆண்டுகள் பல ஆய்வகங்கள் அலைந்தன. 1986இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக இருக்க வேண்டும் என்றார்கள். 1987இல் சால்வடோர் மொங்காடாவின் லண்டன் குழு அளந்து காட்டியது. வாகனப் புகையில் இருக்கும் ஒரு வாயுவை உடலே தயாரித்து, சில வினாடிகள் மட்டுமே வாழவிட்டு, அதைக் கொண்டு தமனிகளை ஆளுகிறது என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு நேரம் பிடித்தது. ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், 1879இல் வில்லியம் மர்ரெல் எழுதிய காலத்திலிருந்து வழக்கத்தில் இருந்தாலும், அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது என்பதும் முராட்டின் ஆய்வால் தெரிந்தது. நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கிப் பணம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதே பொருளை மருந்தாகக் கொடுத்தார்கள்.

இன்று அந்தப் படலத்தை ஒரு உறுப்பு என்றே மருத்துவம் மதிக்கிறது. குழாயை விரிப்பது அதன் பல வேலைகளில் ஒன்று. ரத்தத் தட்டுகள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வெள்ளை அணுக்கள் தேவையில்லாமல் சுவருக்குள் நுழையாமல் தடுக்கிறது. எது உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்கிறது. இவற்றையெல்லாம் செய்ய அது நைட்ரிக் ஆக்சைடைத் தொடர்ந்து சுரக்க வேண்டும். சுரக்கச் சொல்லும் முதன்மையான ஆணை எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஓடும் ரத்தம் சுவரை உரசிக்கொண்டு போகும் விசையிலிருந்து.

இதுதான் இந்தக் கதையின் மையம். படலத்தின் செல்கள் தங்கள் மேல் ரத்தம் எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் வழிந்தோடுகிறது என்பதை உணர்கின்றன. ரத்தம் சீராக ஓடும் இடங்களில் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு, வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. தமனி இரண்டாகப் பிரியும் இடங்களிலும் வளைவுகளின் உட்பக்கத்திலும் ஓட்டம் குழம்பி மந்தமாகிறது. அங்கே செல்கள் ஒழுங்கிழக்கின்றன. கொழுப்புப் படிவதும் பெரும்பாலும் அங்கேதான். லண்டனில் காலின் கேரோ குழுவினர் உரசல் விசை குறைந்த இடங்களையும் நோய் படியும் இடங்களையும் 1969இலேயே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உடம்பு முழுக்க ஒரே ரத்தம், ஒரே கொழுப்பு, ஒரே சர்க்கரை. ஓட்டம் நல்லபடி இருக்கும் இடத்தில் சுவர் தாங்குகிறது, இல்லாத இடத்தில் தோற்கிறது.

நோய் எடுத்துக்கொள்வது

புகைபிடிப்பது, கட்டுப்படாத சர்க்கரை, உயர்ந்த ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாமே ஏதோ ஒரு வழியில் இந்தப் படலத்தில்தான் கைவைக்கின்றன. செல்களில் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடை வேலை செய்வதற்கு முன்பே அழித்துவிடுகின்றன. விரிய வேண்டிய நேரத்தில் தமனி விரியாது. ஒட்டக் கூடாதவை ஒட்டும். நுழையக் கூடாதவை நுழையும். அடைப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடுகிறது. 1992இல் டேவிட் செலர்மேயர் குழுவினர் லண்டனில் இதை அளக்க ஒரு எளிய வழியைத் தந்தார்கள். கையில் பி.பி. பார்க்கும் பட்டையைச் சில நிமிடம் இறுக்கிக் கட்டி அவிழ்த்தால் ரத்தம் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலுக்கு மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த சிறுவர்களிடமும், நோய் எதுவும் தெரியாத இளம் புகைப்பழக்கத்தினரிடமும் அந்த விரிவு குன்றியிருந்தது.

இதயத் தமனியிலேயே நோய் வந்துவிட்டவர்களிடம் நிலைமை இன்னும் கடுமை. 1986இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஆஞ்சியோ செய்யும்போது இதயத் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனி விரிந்தது. நோயுற்ற தமனி சுருங்கியது. ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் உரசி உதிர்ந்த முயல் தமனி செய்ததையே உயிருள்ள மனிதரின் இதயம் செய்தது.

இதன் பொருளைப் படுக்கையில் கிடத்தப்பட்டவரின் கண்ணோடு பார்க்க வேண்டும். படியேறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். தமனி விரிய வேண்டும். அவருடைய தமனியோ சுருங்குகிறது. வலிக்கிறது. வலித்ததால் அவர் நடப்பதைக் குறைக்கிறார். வீட்டாரும் “மாடி ஏறாதீங்க, ஒரு குடம் தண்ணிகூடத் தூக்காதீங்க” என்கிறார்கள். நடப்பது குறைந்தால் ரத்தப் பாய்ச்சல் குறைகிறது. உரசல் விசை குறைகிறது. படலத்துக்கு வரும் ஆணை தேய்கிறது. அது இன்னும் நலிகிறது. அடுத்த முறை வலி முன்னதாகவே வருகிறது. இதயம் பலவீனப்பட்டு ரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாதவர்களிடம் இந்தச் சுழல் உடம்பு முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. ஓய்வு என்ற பரிவு நோயின் பக்கம் நின்று வேலை செய்தது இப்படித்தான்.

நடை திருப்பித் தருவது

இந்தச் சுழலைப் பின்னோக்கித் திருப்ப முடியுமா என்று கேட்டு விடை கண்டவர்களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த ரைனர் ஹம்பிரெக்ட் முதன்மையானவர். அவருடைய குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனி நோயுள்ள 19 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். நான்கு வாரம் கழித்து அசிட்டைல்கோலினைச் செலுத்தியபோது, பயிற்சி செய்தவர்களின் தமனி சுருங்குவது பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பழைய அடைப்பு கரைந்துவிடவில்லை. சுவரின் நடத்தை மாறியிருந்தது. 2003இல் அதே குழுவினர், பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில் சிலருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, அறுவையின்போது மார்புத் தமனியில் எஞ்சிய சிறு துண்டை ஆராய்ந்தார்கள். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி, பயிற்சி செய்தவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஹெபர்டென் எழுதிவைத்த குறிப்புக்கு மூலக்கூறு அளவில் ஒரு விளக்கம் கிடைத்தது அப்போதுதான்.

இது உண்மையிலேயே ரத்த ஓட்டத்தின் வேலைதானா, உடல் எடை குறைந்ததோ கொழுப்பு இறங்கியதோ காரணமாக இருக்கலாமா? டேனியல் கிரீன் குழுவினர் 2010இல் அழகான ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கைகளாலும் எட்டு வாரம் பிடிப்பயிற்சி. ஆனால் ஒரு கையில் மட்டும் பட்டை கட்டி ரத்தப் பாய்ச்சலை மட்டுப்படுத்தினார்கள். உழைப்பு இரு கைக்கும் ஒன்று. உணவு, எடை, மனநிலை எல்லாம் ஒன்று. பட்டை கட்டாத கையின் தமனிதான் மேம்பட்டது. எதற்காக நடக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை: உடல் இளைக்காவிட்டாலும், தராசில் முள் நகராவிட்டாலும், ரத்தம் வேகமாகப் பாய்ந்த அந்த அரை மணி நேரத்தில் சுவர் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

செப்பனிட்டது நிலைத்துவிடுகிறதா? இல்லை. இதயச் செயலிழப்புள்ளவர்களிடம் 1996இல் நடந்த ஜெர்மானிய ஆய்வில் நான்கு வாரக் கைப்பயிற்சி தமனியின் விரியும் திறனை மீட்டுத் தந்தது. பயிற்சியை நிறுத்தி ஆறு வாரத்தில் அந்தப் பலன் போய்விட்டது. மறுபுறம், ஆரோக்கியமானவர்கள்கூட மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் காலின் தமனி விரியும் திறன் மங்குகிறது. மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் மங்குவதில்லை என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. நடுவயது தாண்டி, அதுவரை பயிற்சியே செய்யாதவர்கள் மூன்று மாதம் விறுவிறுப்பாக நடந்து முதுமையில் இழந்த திறனை மீட்டதை 2000ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. இந்தப் படலம் சேமித்துவைக்காது. அன்றன்றைய ஓட்டத்தில் வாழ்கிறது. இதில் எச்சரிக்கையும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. இருபது வயதில் விளையாடியதை வைத்து ஐம்பதில் காலம் தள்ள முடியாது. ஐம்பதுவரை அசையாமல் இருந்ததற்காகக் கதவு மூடிக்கொள்வதும் இல்லை.

எல்லையையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பை உடனே திறப்பதுதான் உயிரைக் காக்கும். அங்கே ஸ்டென்டுக்கு நிகரில்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையின் இடத்தை நடை பிடிக்காது; புகையை விடாதவரை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது. ஓய்வாக இருக்கும்போதே வலி வருபவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் மருத்துவர் சொல்லாமல் பயிற்சியில் இறங்கவே கூடாது. திடீர்க் கடும் உழைப்பு ஆபத்தானது என்பதும் உண்மை. 1993இல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, வழக்கமாக அசையாமல் இருப்பவர்களிடம் நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. வாரம் ஐந்து முறையாவது பயிற்சி செய்பவர்களிடம் இரண்டரை மடங்கைத் தாண்டவில்லை. ஜிம்மில் ஒருவர் சரிந்த செய்தியைக் கேட்டுப் பயிற்சியையே விட்டுவிடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபத்து பழக்கமில்லாமையில் இருக்கிறது. அதற்கான மருந்து மெல்லத் தொடங்கித் தொடர்வதுதான்.

நிலையான நெஞ்சுவலியுள்ளவர்களுக்கு விஷயம் வேறு. லைப்சிக் குழு 2004இல், அத்தகைய 101 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் வைத்து, மறு பகுதியினரைத் தினமும் இருபது நிமிடம் சைக்கிள் மிதிக்கச் செய்தது. ஓராண்டு முடிவில் மறு சிகிச்சையோ பெரிய பாதிப்போ இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 விழுக்காடு, ஸ்டென்ட் பிரிவில் 70 விழுக்காடு. இது சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்து யாரும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் 2,287 பேரை வைத்து 2007இல் வெளிவந்த ‘கரேஜ்’ ஆய்வும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2020இல் வெளிவந்த ‘இஸ்கீமியா’ ஆய்வும், நிலையான நோயில் நல்ல மருந்துச் சிகிச்சையோடு கூடுதலாக அடைப்பைத் திறப்பது மரணத்தைக் குறைக்கவில்லை என்றே கூறின. குழாயில் ஓர் இடத்தைச் சரிசெய்யலாம். நோய் இருப்பது சுவர் நெடுக.

நாம் செய்ய வேண்டியது

தெற்காசியர்களுக்கு இந்த வரலாறு தூரத்துச் செய்தி இல்லை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியப் பகுதி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயதை 53 என்று கணக்கிட்டது. மற்ற நாடுகளில் அது ஏறக்குறைய 59. அதாவது பிள்ளைகளின் படிப்பு முடியாத வயதில், வீட்டுக் கடன் அடையாத வயதில் நம்மவர்களுக்கு வருகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர், 54 விழுக்காட்டினர், போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து விழுக்காடுகூட இல்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவது அநியாயம். ஒருபுறம் பம்புசெட்டும் இருசக்கர வாகனமும் கணினியும் அரை நூற்றாண்டில் உடலுழைப்பை வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டன. மறுபுறம் வெயிலில் நாள் முழுக்கச் செங்கல் சுமப்பவர் இருக்கிறார். அவரிடம் போய் நடக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஓய்வு நேர உடற்பயிற்சி இதயத்தைக் காக்கிறது, ஆனால் பிழைப்புக்காகச் செய்யும் கடும் உழைப்பு அப்படிக் காப்பதில்லை என்று 2021இல் கண்டது. இளைப்பாற நேரமில்லாத உழைப்பாளிக்குத் தேவை இடைவேளை, நிழல், எட்டு மணி நேர வேலை. உட்கார்ந்தே இருப்பவருக்குத் தேவை இயக்கம். ஒரே மருந்துச் சீட்டு இருவருக்கும் பொருந்தாது.

நடக்க நினைப்பவருக்கும் எங்கே நடப்பது என்ற கேள்வி நிற்கிறது. நம் ஊர்களில் நடைபாதை இருக்கும் இடத்தில் வண்டி நிற்கிறது, அல்லது நடைபாதையே இல்லை. பெண்கள் விடியற்காலையில் தனியாக நடக்க எத்தனை தெருக்களில் வெளிச்சம் இருக்கிறது? 2023இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்துத் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது. வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அச்சமில்லாமல் நடந்துபோக முடிகிற தெருதான் மருத்துவச் சாதனமாக வேலை செய்யும்.

நோய் வந்தவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் தெளிவானது. முதலமைச்சர் காப்பீட்டில் ஏழைக்கும் ஸ்டென்ட் கிடைக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எல்லாம் எழுதியிருக்க, உடற்பயிற்சிக்கு “நடக்கவும்” என்ற ஒரு சொல் இருந்தாலே அதிகம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது கூட்ட வேண்டும்? இந்தக் கேள்விகளோடு வீட்டுக்கு வரும் நோயாளி, பயத்தில் மறுபடியும் ஆறு வாரப் படுக்கைக்குத்தான் திரும்புகிறார். நம் மண்ணுக்கேற்ற வழிகளைத் தேடும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேருக்கு இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் யோகா வழி மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மரணத்தையோ மறு தாக்குதலையோ குறைத்ததாக அதனால் நிறுவ முடியவில்லை. ஆனால் தங்கள் உடல்நலம் தேறியதாக நோயாளிகள் உணர்ந்தார்கள், பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இதை நம் நாட்டில் நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே அரசிடமும் மருத்துவர்களிடமும் கேட்க வேண்டியவை மூன்று. மாரடைப்புச் சிகிச்சை தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், நோயாளி வீடு திரும்புமுன் அவரை நடக்கவைத்துப் பார்த்து, அவருக்கென்று எழுதிய பயிற்சித் திட்டத்தை மருந்துச் சீட்டோடு கையில் கொடுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021இலிருந்து வீடு தேடிப் போகும் ஊழியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், இதய நோயாளி வாரத்தில் எத்தனை நாள் நடந்தார் என்றும் கேட்டுக் குறித்து, தயங்குபவரோடு முதல் சில நாள் கூடவே நடக்கவும் பழக்க வேண்டும். ஸ்டென்டுக்குப் பணம் கொடுக்கும் எந்தக் காப்பீடும் மூன்று மாத மறுவாழ்வுப் பயிற்சிக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். மாரடைப்பு கண்டவரிடம் அசையாதீர்கள் என்று சொல்வது அன்பின் பழைய வடிவம். மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வருவது அதைவிடப் பெரிய அன்பு. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் அவருடைய தமனிகளின் உட்சுவருக்கு, நோய் வந்த நாளிலிருந்து கிடைக்காமல் போன ஆணை மறுபடியும் போய்ச் சேரும்; நாளையும் போக வேண்டும், நாளை மறுநாளும் போக வேண்டும்.